யூடியூப் அரசியல் விமர்சகர்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

தமிழ்நாட்டில் தனிநபர்கள் நடத்தும் யூடியூப் அரசியல் சேனல்கள் இவ்வளவு வேகமாக வளர்ந்ததற்குத் தொலைக்காட்சியின் வரலாறு ஒரு முக்கியக் காரணம். 1993-ல் சன் டி.வி., 1999-ல் ஜெயா டி.வி., 2006-ல் மக்கள் தொலைக்காட்சி, 2007-ல் கலைஞர் டி.வி. என்று அடுத்தடுத்து வந்த அலைவரிசைகள் ஏதோ ஒரு கட்சியோடோ அதன் தலைமைக் குடும்பத்தோடோ பிணைந்திருந்தன. ஒரே பொதுக்கூட்டம் ஒரு சேனலில் மக்கள் வெள்ளமாகவும் இன்னொன்றில் காலி நாற்காலிகளாகவும் காட்டப்பட்டது. பார்வையாளர்கள் இதற்குப் பழகியிருந்தார்கள். எந்த சேனல் யாருடையது என்பது ஊரறிந்த விஷயம் என்பதால், அதற்கேற்பக் கழித்துக்கொண்டே செய்தியைக் கேட்டார்கள்.

யூடியூபில் அந்த அடையாளம் இல்லை. பேசுபவரின் பெயருக்குக் கீழே ‘மூத்த பத்திரிகையாளர்’ என்றோ ‘அரசியல் விமர்சகர்’ என்றோ ஒரு வரி மட்டும் ஓடுகிறது. அவர் கடைசியாக எந்தப் பத்திரிகையில் எந்த ஆண்டு வேலை பார்த்தார், எந்தக் கட்சிக்குத் தேர்தல் ஆலோசனை சொன்னார், படப்பிடிப்புக் கூடத்தின் வாடகையை யார் கட்டுகிறார் என்பதெல்லாம் திரையில் வருவதில்லை. கட்சிச் சேனலின் செய்தியைப் பாதியாகக் குறைத்துக் கேட்கும் அதே மனிதர், இவரைக் கட்சி சாராதவர் என்று கருதி முழுதாக நம்பிவிடுகிறார். கட்சிச் சேனலைவிட இந்த இடத்தில்தான் ஏமாற்று எளிதாக நடக்கிறது.

அதற்காக இந்த விமர்சகர்களை மொத்தமாகத் தள்ளிவிட முடியாது. என்.டி.டி.வி. அதானி குழுமத்தின் கைக்கு மாறியபோது, 2022 நவம்பர் 30 அன்று அங்கிருந்து விலகிய பத்திரிகையாளர் ரவீஷ் குமாருக்கு யூடியூப்தான் அடுத்த மேடை ஆனது. முதலாளிக்கும் விளம்பரதாரருக்கும் அரசுக்கும் ஒரே நேரத்தில் கட்டுப்பட்ட செய்தி அறைகளில் கேட்க முடியாத கேள்விகளைக் கேட்பதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது, இன்றும் தேவைப்படுகிறது. அந்த இடத்தில் பேசப்படுவதை எப்படி எடைபோடுவது என்பதுதான் பிரச்சினை.

முதலாளியிடமிருந்து கிடைக்கும் விடுதலை ஆசிரியர் குழுவிடமிருந்தும் கிடைக்கும் விடுதலையாகிவிடுகிறது. செய்தியாளர் எழுதி அனுப்பியதைப் படிக்கும் உதவி ஆசிரியர், ‘இதை யார் சொன்னது?’ என்று கேட்பார். குற்றம் சாட்டப்பட்டவரிடம் விளக்கம் கேட்டாயிற்றா என்று செய்தி ஆசிரியர் பார்ப்பார். அவதூறு வழக்குக்கு இடமிருந்தால் வழக்கறிஞரிடம் போகும். தவறு அச்சேறிவிட்டால் மறுநாள் திருத்தம் வரும். இவை எல்லாம் எல்லாப் பத்திரிகைகளிலும் ஒழுங்காக நடக்கின்றன என்று சொல்ல முடியாது; ஆனால், நடக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கே இருக்கிறது. தனிநபர் சேனலில் இத்தனை வேலையும் பேசுபவரின் மனசாட்சி ஒன்றையே நம்பி நிற்கிறது. 45 நாடுகளைச் சேர்ந்த 500 இணையப் படைப்பாளிகளிடம் யுனெஸ்கோ நடத்தி 2024-ல் வெளியிட்ட ஆய்வில், 62 சதவீதம் பேர் தகவலைப் பகிர்வதற்கு முன் முறையாகச் சரிபார்ப்பதில்லை என்று தெரியவந்தது. ஒரு தகவலின் நம்பகத்தன்மையை அதற்குக் கிடைத்த விருப்பக் குறிகளையும் பார்வைகளையும் கொண்டு அளப்பவர்கள் 40 சதவீதத்துக்கும் மேல்.

ஒரே காணொளிக்குள் நம்பத் தக்கதும் தகாததும் எப்படிக் கலந்திருக்கும் என்பதற்குச் சாத்தான்குளம் சம்பவத்தைக் காட்டிலும் தெளிவான சான்று தமிழ்நாட்டில் இல்லை. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு விதியை மீறிக் கைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பிறகு கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 22-ம் தேதி இரவு மகனும் 23-ம் தேதி அதிகாலை தந்தையும் இறந்தார்கள். தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்று எழுதியது காவல் துறையின் முதல் தகவல் அறிக்கை. தமிழ்நாட்டுக்கு வெளியே இந்தச் செய்திக்குப் போதிய கவனம் கிடைக்காத நிலையில், பாடகி சுசித்ரா ஆங்கிலத்தில் பேசி வெளியிட்ட காணொளி ஒன்று அதை நாடெங்கும் கொண்டுபோனது. அவர் செய்தியாளர் அல்லர். எந்த நிறுவனத்தின் பின்புலமும் அவருக்கு இல்லை. ஆனாலும், பல தொலைக்காட்சிகள் செய்யாத ஒன்றை அந்தக் காணொளி செய்தது.

சில நாட்களில் சி.பி.சி.ஐ.டி. ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்தக் காணொளியில் உள்ளவை பரபரப்புக்காக மிகைப்படுத்தப்பட்டவை, அவற்றை நம்பவோ பரப்பவோ வேண்டாம் என்றது. காணொளி நீக்கப்பட்டது. மறுத்தவர்களும் காவல் துறையின் ஒரு பிரிவினரே என்பதால், அந்த மறுப்பையும் கேள்வியின்றி ஏற்பதற்கில்லை. உண்மையைத் தாங்கி நின்றவை வேறு. கடைவீதியின் கண்காணிப்புக் கேமரா பதிவு முதல் தகவல் அறிக்கையோடு முரண்பட்டது. இரவு முழுவதும் அடித்தார்கள் என்று தலைமைக் காவலர் ரேவதி நீதித் துறை நடுவரிடம் துணிந்து சாட்சியம் சொன்னார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கைத் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டது. ஒன்பது காவலர்கள் மீது சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

ஆக, ‘இங்கே ஒரு பெரும் கொடுமை நடந்திருக்கிறது, கவனியுங்கள்’ என்ற அளவில் அந்தக் காணொளி நம்பத் தக்கதாகவே இருந்தது. எந்த உறுப்பில் என்ன காயம் என்ற விவரங்களுக்கு உடற்கூறாய்வு அறிக்கையும் நடுவரின் அறிக்கையுமே ஆதாரம்; நேரில் பார்க்காத ஒருவரின் குரல் அதற்கு ஆதாரமாகாது. மிகையான விவரம் சேர்க்கப்பட்டால் பலனடைவது குற்றம் சாட்டப்பட்டவரே. ஒரு பொய்யைச் சுட்டிக்காட்டி மொத்தத்தையும் பொய் என்று சொல்ல அவருக்கு வழி பிறந்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் நிற்பதாகச் சொல்லும் விமர்சகர்களுக்குச் சரிபார்க்கும் கடமை மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பது இதனால்தான்.

சாத்தான்குளத்தில் நடந்த ஒன்று மிகைப்படுத்தப்பட்டதாகப் புகார் எழுந்தது. 2023 மார்ச் மாதம் நடக்காத ஒன்றே நடந்ததாகச் சொல்லப்பட்டது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல் என்று தமிழ்நாடு காவல் துறை விளக்கியது. காயக்கட்டுகளோடு தோன்றியவர்களின் காணொளி ஒன்று பாட்னாவிலேயே நடித்து எடுக்கப்பட்டது என்று பீகார் காவல் துறை கண்டறிந்தது. இது தொடர்பான வழக்கில் கைதான மணீஷ் காஷ்யப், பீகாரில் ஏராளமானோர் பின்தொடர்ந்த யூடியூபர். அச்சத்தில் தொழிலாளர்கள் ஊர் திரும்ப, பீகார் அரசு நான்கு பேர் குழுவை அனுப்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. இதே வதந்தியை வெளியிட்டதற்காகப் பெரிய இந்தி நாளிதழ் ஒன்றின் மீதும் வழக்குப் பதிவானதை மறந்துவிடக் கூடாது. அச்சுக்கென்று தனிப் புனிதம் எதுவும் இல்லை. இணையத்துக்கு மட்டுமே உரிய பாவமும் எதுவுமில்லை.

காணொளியைப் பார்க்கும்போது விமர்சகர் சொல்வதை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நடந்ததாக அவர் சொல்லும் தகவல் ஒன்று. அந்தத் தகவலுக்கு அவர் கொடுக்கும் விளக்கம் இன்னொன்று. இனி நடக்கப்போவதாக அவர் சொல்லும் கணிப்பு மூன்றாவது. 40 நிமிட நேர்காணலில் இந்த மூன்றும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு, இடைவெளியில்லாமல் வருகின்றன. கூட்டணிப் பேச்சு நடந்தது என்பது தகவல். தலைவர் பலவீனமாக இருப்பதால் நடந்தது என்பது விளக்கம். மாநாட்டுக்கு முன் அறிவிப்பு வரும் என்பது கணிப்பு. முதலாவது சரியாக இருந்ததற்காக மற்ற இரண்டையும் நம்ப வேண்டியதில்லை.

கணிப்பை நம்பலாமா என்பதற்கு 2024 மக்களவைத் தேர்தல் பதில் சொல்லிவிட்டது. தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361 முதல் 401 இடங்கள் என்றது ஆக்சிஸ் மை இந்தியா நிறுவனத்தின் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்பு. கிடைத்தவை 293. தமிழ்நாட்டில் பா.ஜ.க. அணிக்கு ஓரிரு இடங்களாவது கிடைக்கும் என்று பலரும் சொன்னார்கள்; 39 தொகுதிகளையும் தி.மு.க. தலைமையிலான அணியே வென்றது. பா.ஜ.க. தனியாக 240 முதல் 260 வரை பெறும் என்று சொன்ன யோகேந்திர யாதவ் போன்ற மிகச் சிலரே உண்மைக்கு அருகில் இருந்தார்கள், பா.ஜ.க. பெற்றது 240. அமெரிக்க உளவியலாளர் பிலிப் டெட்லாக் 284 வல்லுநர்களின் கணிப்புகளை இருபது ஆண்டு காலம் பதிவுசெய்து, 2005-ல் நூலாக வெளியிட்டார். ஊடகங்களில் அதிகம் தோன்றும் வல்லுநர்களின் கணிப்புகள் மற்றவர்களுடையதைவிடச் சிறப்பாக இல்லை, சற்று மோசமாகவே இருந்தன என்பது அவர் கண்டது. ஒரே கோட்பாட்டைக் கொண்டு எல்லாவற்றையும் உறுதியாக விளக்கியவர்கள் அதிகம் தவறினார்கள். தயங்கித் தயங்கிப் பேசியவர்கள் குறைவாகத் தவறினார்கள். கேமராவுக்கு முன் தயங்குபவரை அடுத்த முறை யாரும் அழைப்பதில்லை என்பது இந்தத் தொழிலின் பெரிய கேடு.

தகவலைச் சோதிக்கும் முறை வேறு. ‘உள்வட்டாரத்தில் விசாரித்தேன்’ என்று தொடங்கும் எதையும் பார்வையாளர் சரிபார்க்க முடியாது. ஆவணத்தைக் காட்டிச் சொல்லப்படுவதைச் சரிபார்க்க முடியும். தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்து, மார்ச்சில் தேர்தல் ஆணையம் விவரங்களை வெளியிட்ட வாரங்களில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. கோவையைச் சேர்ந்த லாட்டரி அதிபர் மார்ட்டினின் பியூச்சர் கேமிங் நிறுவனம் 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் வாங்கியிருந்தது. அதில் 500 கோடிக்கு மேல் தி.மு.க.வுக்குப் போனது, திரிணமூல் காங்கிரஸும் 500 கோடிக்கு மேல் பெற்றிருந்தது, எல்லா நிறுவனங்களிடமிருந்தும் வந்ததைக் கூட்டினால் மிக அதிகம் பெற்ற கட்சி பா.ஜ.க. இந்த விவரங்களை முழுமையாகச் சொன்ன விமர்சகர் யார், தனக்குப் பிடிக்காத கட்சியின் எண்ணை மட்டும் எடுத்துச் சொன்னவர் யார் என்று அந்த மாதத்துக் காணொளிகளை இன்று திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்கள், தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகள், பேரவையில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்புகள், நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாமே இணையத்தில் பொதுவில் கிடைப்பவைதான். பாலியல் குற்றம் போன்ற சில வகை வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே உத்தரவிட்டிருக்கிறது. இவ்வளவு இருந்தும் தாளைத் திரையில் காட்டாமல் பேசுபவரிடம் ஏன் காட்டவில்லை என்று கேட்பது பார்வையாளரின் உரிமை.

எல்லோராலும் எல்லா ஆவணங்களையும் தேடிப் படிக்க முடியாது. அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. டெல்டா விவசாயிக்குக் காவிரி தெரியும். உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரித் தீர்ப்பின்படி தமிழ்நாட்டுக்கு வர வேண்டியது ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்பதும், அது மாதவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதும், மேட்டூர் ஜூன் 12-ல் திறப்பதும் திறக்காததும் குறுவையை என்ன செய்யும் என்பதும் அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் தான் பின்தொடரும் விமர்சகரின் காவிரிக் காணொளியைக் கேட்கட்டும். ஆசிரியர் கல்விக் கொள்கை பற்றியதையும், வங்கி ஊழியர் கடன் தள்ளுபடி பற்றியதையும் கேட்கட்டும். நமக்குத் தெரிந்த துறையில் அடிப்படை எண்ணையே தவறாகச் சொல்பவர், நமக்குத் தெரியாத துறையில் சரியாகத்தான் சொல்வார் என்று எண்ணக் காரணமில்லை. கட்சிகளின் உள்விவகாரங்களை இருபது ஆண்டுகள் நேரில் பார்த்து எழுதிய ஒருவர் அந்தப் பொருளில் மதிக்கத் தக்கவர். அதே வாரத்தில் நதிநீர், மருத்துவ நுழைவுத் தேர்வு, மேற்காசியப் போர் என்று எல்லாவற்றுக்கும் அவரே விளக்கம் சொல்லும்போது, அந்த மதிப்பு அவரோடு சேர்ந்து வராது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்தது. நீண்ட காணொளிகளுக்கு வரும் விளம்பர வருவாயில் 55 சதவீதத்தை யூடியூப் சேனலுக்குக் கொடுக்கிறது. வருவாய் பார்வைகளைப் பொறுத்தது என்பதால், ஒரு நாளில் நான்கு காணொளிகள் போட வேண்டிய கட்டாயம் உண்டாகிறது. அரசியலில் தினமும் நான்கு செய்திகள் நடப்பதில்லை. மிச்சத்தை ஊகம் நிரப்புகிறது. ‘கதறும்’, ‘சிக்கிய’, ‘அதிரடி’ என்று தம்ப்நெயிலில் வரும் சொற்கள் உள்ளே பேசப்படுவதோடு பல நேரம் பொருந்துவதே இல்லை. அரசுகளும் பணம் தருகின்றன. உத்தரப் பிரதேச அரசு 2024 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்த டிஜிட்டல் ஊடகக் கொள்கை, அரசுத் திட்டங்களைப் பரப்பும் யூடியூபர்களுக்கு மாதம் 8 லட்சம் ரூபாய் வரை வழங்க வகை செய்தது. பேசுபவருக்கே தெரியாமல் பணம் வரும் வழியும் உண்டு. ரஷ்ய அரசு ஊடகமான ஆர்.டி.யின் ஊழியர்கள் இருவர், டென்னிசி மாநில நிறுவனம் ஒன்றின் வழியாக ஏறக்குறைய ஒரு கோடி டாலரைச் செலுத்தி, அமெரிக்காவின் பிரபல யூடியூப் விமர்சகர்களின் காணொளிகளுக்குப் பணம் கொடுத்தார்கள் என்று அமெரிக்க நீதித் துறை 2024 செப்டம்பரில் குற்றம் சாட்டியது. அந்த விமர்சகர்கள் மீது வழக்கு இல்லை. தாங்கள் ஏமாற்றப்பட்டதாக அவர்கள் சொன்னார்கள். தங்களைச் சுதந்திரமானவர்கள் என்று மனமார நம்பிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

பார்வையாளரின் சந்தாவில் நடப்பது இவற்றைவிட மேல்தான். ஆனால், அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரு கட்சியை வெறுப்பவர்களின் சந்தாவில் வாழும் சேனல், அந்தக் கட்சி செய்த நல்ல காரியத்தைச் சொன்ன மறுநாளே சந்தாதாரர்களை இழக்கும். இதைத் தாங்கிக்கொண்டு பேசுபவர்கள் தமிழில் ஒரு சிலர் இருக்கிறார்கள். ஒரு விமர்சகர் தன் பார்வையாளர்களுக்குப் பிடிக்காத உண்மையைக் கடைசியாக எப்போது சொன்னார் என்ற கேள்வி, அவருடைய கட்சிச் சார்பைத் துருவுவதைவிட அதிகம் பயன் தரும். சார்பு இருப்பது குற்றமல்ல. பெரியாரும் ராஜாஜியும் சார்போடுதான் பத்திரிகை நடத்தினார்கள், அதை மறைக்கவில்லை.

அரசின் கைது நடவடிக்கையை நம்பிக்கைக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்வது பெரும் பிழை. யூடியூபர் சவுக்கு சங்கர் 2024 மே மாதம் கைதாகிக் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார். ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. மணீஷ் காஷ்யப் மீது போடப்பட்ட தேசியப் பாதுகாப்புச் சட்டத்தையும் மதுரைக் கிளை 2023 நவம்பரில் ரத்து செய்தது. யூடியூபில் குற்றம் சாட்டுபவர்களையெல்லாம் தேர்தலுக்கு முன் சிறையில் அடைக்கத் தொடங்கினால் எத்தனை பேரை அடைப்பது என்று, யூடியூபர் சாட்டை துரைமுருகனின் ஜாமீன் வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கேட்டது. இந்தத் தீர்ப்புகள் பேசும் உரிமையைக் காப்பவை; பேசியது உண்மை என்று சான்றளிப்பவை அல்ல. சிறைக்குப் போய் வந்ததாலேயே ஒருவருடைய எல்லாச் சொல்லுக்கும் எடை கூடிவிடாது. சிறையில் அடைத்ததாலேயே அவர் பொய்யர் என்றும் ஆகிவிடாது.

உண்மை எது என்று அரசே முத்திரை குத்தித் தரும் ஏற்பாடும் தீர்வாகாது. மத்திய அரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று முடிவுசெய்ய மத்திய அரசின் பிரிவுக்கே அதிகாரம் தந்த விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டில் அரசின் தகவல் சரிபார்ப்பகத்துக்குப் பொறுப்பாக 2023-ல் நியமிக்கப்பட்டவர், அதுவரை சுயேச்சையான சரிபார்ப்புத் தளமாக அறியப்பட்ட யூடர்னின் நிறுவனர். அவருடைய திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லாமல் இருக்கலாம். ஆனால், அரசைப் பற்றிய புகார்களை அரசுச் சம்பளத்தில் சரிபார்க்கும் அமைப்புக்கு எல்லாக் கட்சியினரின் நம்பிக்கையும் ஒருபோதும் கிடைக்காது.

தவறு தெரிந்த பிறகு விமர்சகர் என்ன செய்கிறார் என்பது கடைசிச் சோதனை. பல வகையில் அதுவே முதன்மையானதும்கூட. பெரும்பாலானோர் காணொளியைச் சத்தமில்லாமல் நீக்கிவிடுகிறார்கள். பத்து லட்சம் பேர் பார்த்த பொய் நீக்கப்பட்டது அந்தப் பத்து லட்சம் பேருக்கும் தெரியாது. ‘நேற்று நான் சொன்னது தவறு, சரியான விவரம் இது’ என்று தனிக் காணொளியாக, அதே நேரத்தில், அதே தம்ப்நெயில் அளவில் சொல்பவரே நம்பிக்கைக்கு உரியவர். அவர் நாளையும் தவறலாம். தவறும்போது அது பார்வையாளருக்குத் தெரியவரும் என்ற உறுதி அவரிடம் இருக்கிறது.

2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் தமிழக வெற்றிக் கழகத் தலைவர் விஜயின் கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 41 பேர் இறந்தார்கள். உடல்கள் அடையாளம் காணப்படும் முன்பே காரணங்கள் அறிவிக்கப்பட்டுவிட்டன. மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்றார்கள், ஆம்புலன்ஸ் வேண்டுமென்றே நுழைந்தது என்றார்கள், தடியடி என்றார்கள், சதி என்றார்கள். எதிர்த்தரப்பு விமர்சகர்கள் அதே வேகத்தில் முழுப் பழியையும் ஒரே மனிதர்மீது போட்டார்கள். அந்த இரவில் உறுதியாகச் சொல்லக்கூடிய தகவல்கள் சில இருந்தன: 10,000 பேர் வருவார்கள் என்று அனுமதி கோரப்பட்டிருந்தது, ஏறக்குறைய 27,000 பேர் வந்ததாகக் காவல் துறை சொன்னது, நண்பகலில் வருவதாக அறிவிக்கப்பட்ட தலைவர் மாலை ஏழு மணி வாக்கில்தான் வந்து சேர்ந்தார். இவற்றைச் சொல்லி, மற்றவை விசாரணைக்குரியவை என்று நிறுத்திக்கொண்ட சேனல்களுக்குப் பார்வைகள் குறைவாகக் கிடைத்திருக்கும். அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றி, ஓய்வுபெற்ற நீதிபதி அஜய் ரஸ்தோகி தலைமையில் கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது. விசாரணை தொடங்கும் முன்பே, அன்றிரவே, சதி என்றோ சதி இல்லவே இல்லை என்றோ அறுதியிட்டுச் சொன்னவர்களை, அவர்கள் எந்தப் பக்கம் நின்றாலும், கரூர் பற்றி இனி நம்ப வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.